ஏலக்காரன் தொண்டை

"சத்தம் போடாதே."

பெரியாஸ்பத்திரிக்குள் கால் வைத்த அன்று எனக்குக் கிடைத்த முதல் வைத்தியம் இதுதான். சொன்னவர் டாக்டர் இல்லை, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர். நான் சத்தமே போடவில்லை. தொண்டைக்குப் பார்க்கிற இடம் எந்தப் பக்கம் என்று என் மனைவி ரோசம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கடற்கரைக்காரன் சும்மா பேசினாலே மேற்கே உள்ளவர்களுக்குச் சண்டை போடுவது மாதிரித்தான் கேட்கும். காற்றையும் அலையையும் தாண்டிப் பேசிப் பழகிய குரலை, பஸ் ஏறும்போது கழற்றி வீட்டில் மாட்டிவிட்டா வர முடியும்?

என் பெயர் தொம்மை. பெரியதாழைக்கு அடுத்த கரையில் மீன் ஏலம் கூறுகிறவன். விடிந்ததும் கட்டுமரங்களும் வள்ளங்களும் கரையேறும். சீலாவும் பாறையும் வாளையுமாக மீன் மணலில் குவியும். சுற்றி நிற்கிற மீன்காரிகள், சைக்கிள் வியாபாரிகள், தூத்துக்குடி ஐஸ் கம்பெனிக்கு வாங்க வருகிற ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அத்தனை கத்தலுக்கும் மேலே என் குரல் நிற்க வேண்டும். நான் மூன்று தரம் கூறி முடித்தால்தான் மீன் கைமாறும். "தொம்மை கூறுனா உவரி மாதாவுக்கே தூக்கம் கலைஞ்சிரும்" என்று கேலி பேசுவார்கள். எனக்கு வலை இல்லை, மரம் இல்லை. பிழைப்புக்கு இருந்தது தொண்டை ஒன்றுதான். கழலை அதில்தான் வந்து உட்கார்ந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் ரோசம்மா. கோயிலுக்குப் போக நான் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன்.

"இங்கேருங்க, ஒங்க கழுத்துல என்ன அது, எலுமிச்சங்கா கணக்கா?"

எங்கள் பக்கத்து மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார் என்று பலகையில் எழுதியிருக்கும். எந்த வாரம் என்று எழுதியிருக்காது. கம்பவுண்டர் என் கழுத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கொப்பளிக்க ஒரு சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். கழலை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, மனிதர் வாயைக் கொப்பளிக்கச் சொல்கிறார். அந்தத் தண்ணீரை நம்பி நான் ஒரு மழைக்காலத்தையே கொப்பளித்துத் துப்பினேன்.

எலுமிச்சங்காய் நார்த்தங்காய் ஆன பிறகு தூத்துக்குடிக்குப் போனோம். அங்கே ஒரு தொண்டை டாக்டர்தான் முதலில் மனிதரைப் போலப் பேசினார். "இது கத்துனதால வந்தது இல்ல, பயப்படாதீங்க. தைராய்டுன்னு ஒரு சுரப்பி எல்லாருக்கும் இருக்கு. குரல்வளைக்கு முன்னால. உடம்புக்குச் சூடும் வேகமும் குடுக்கறது அதுதான். உங்களுக்கு அதுல ஒரு பக்கம் வீங்கியிருக்கு. அறுத்துத்தான் எடுக்கணும்." பிறகு மேசை மேலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டே சொன்னார்: "இங்க வசதி இல்ல. பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

எங்கள் ஜில்லாவில் எல்லா வைத்தியமும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் முடியும். உப்பளத்தில் கண் போனவன், தீப்பெட்டி ஆபீசில் வெந்த பெண், கரிசல் காட்டில் பாம்பு கடித்தவன், தலைப்பிள்ளை குறுக்கே நின்றுபோன தாய், துறைமுகத்தில் மூட்டை விழுந்து முதுகு ஒடிந்தவன் எல்லாருக்கும் ஒரே சீட்டு, ஒரே பஸ். கண்டக்டர்களே அந்த வண்டிக்கு ஆஸ்பத்திரி பஸ் என்று பேர் வைத்திருந்தார்கள். பாதி வழியில் பிள்ளை பெற்றவர்களும் உண்டு, பாதி வழியில் செத்தவர்களும் உண்டு. அந்த ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் இன்று உட்கார்ந்து எழுதுவது அது இருந்ததால்தான். அத்தனை பெரிய ஜில்லாவுக்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்பதைத்தான் என்னால் இன்றுவரைக்கும் சீரணிக்க முடியவில்லை.

அது ஆஸ்பத்திரி இல்லை, ஒரு ஊர். டாக்டருக்குப் படிக்கிறவர்களின் கல்லூரி, நர்சுகளின் விடுதி, காச நோய்க்குத் தனிக் கட்டடம், பிரசவத்துக்குத் தனிக் கட்டடம், கடைசியில் வேப்பமரத்தடியில் பிணவறை. சுவருக்கு வெளியே இட்லிக் கடைகள், பாய் வாடகைக்குக் கொடுக்கிறவர்கள், ஆரஞ்சுப் பழம் விற்கிறவர்கள், பிணவறைப் பக்கமாகப் பார்த்துக் கடை போட்ட பெட்டி செய்கிற ஆசாரி. ஊரே எங்கள் நோயைத் தின்று வாழ்கிறது. வைத்தியம் இலவசம் என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆனால் தள்ளுவண்டி நகர வேண்டுமென்றால் ஒரு கை நீளும், சீட்டு மேலே வர வேண்டுமென்றால் இன்னொரு கை நீளும்.

சோதனைகளைச் சொல்ல வேண்டும், போகிறவர்களுக்கு உதவும். ரத்தம் எடுப்பார்கள். கழுத்தை எக்ஸ்ரே படம் பிடிப்பார்கள், மூச்சுக்குழாயை வீக்கம் நெரிக்கிறதா என்று பார்க்க. பிறகு நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, சின்னக் கண்ணாடி ஒன்றை விளக்கில் சூடு காட்டி அண்ணாக்கில் வைத்து, "ஈ சொல்லு" என்பார்கள். குரல் நாண்கள் இரண்டும் அசைகின்றனவா என்று பார்ப்பதற்கு. குமட்டும், வலிக்காது. பயப்பட வேண்டாம்.

வலித்தது வேறு. ஒரு காலை என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லி ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள். பெரிய டாக்டர் வந்தார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. என் கழுத்தைப் பார்த்து இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகப் பின்னால் வந்து நின்று என் கழுத்தைப் பிடித்து, "முழுங்குங்க" என்றது. முழுங்கினால் தைராய்டுக் கழலை மேலே ஏறி இறங்கும், அதுதான் அடையாளமாம். எத்தனை தரம்தான் ஒருவன் எச்சிலை முழுங்குவான்? வாய் வறண்டு போனது. தண்ணீர் கேட்டேன். "சத்தம் போடாதேப்பா, கிளாஸ் நடக்குதில்ல" என்றார் பெரிய டாக்டர். மலைநாட்டில் வருகிற வியாதி கடல்மீன் தின்கிறவனுக்கு எப்படி வந்தது என்று அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பிள்ளைக்கும் பதில் தெரியவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது, ஆனால் கேட்டிருக்கலாம். மணலில் குவித்த சீலாவை வியாபாரிகள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்கள் என்னை.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் மட்டும் பிறகு கட்டிலுக்குத் திரும்பி வந்தாள். படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கிற டாக்டர், ஹவுஸ் சர்ஜன் என்பார்கள். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"சுரப்பிக்குப் பின்னால நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுது. குரலை ஆட்டறது அதுதான். கவனமாத்தான் செய்வாங்க. ஆனா அதுல கத்தி பட்டுட்டா..."

"கொரல் போயிருமோ?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம். ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாளைக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

ஊரிலிருந்து மீன்காரிகள் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தார்கள். இருபது வருஷமாக ஏலத்தில் என் மேல் மண்ணை வாரித் தூற்றிய வாய்கள் அவை. காவல்காரர் அவர்களையும் மிரட்டித்தான் உள்ளே விட்டிருந்தார். கட்டிலைச் சுற்றி நின்று, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினார்கள். "ஒண்ணும் வராதுவே. நீரு வந்து கூறணும். ஒம்ம தம்பி கூறுதது ஒருத்தி காதுலயும் விழலை" என்றாள் ஒருத்தி. அந்தப் பெண்கள் மெதுவாகப் பேசி நான் கண்டதே இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அது தவக்காலத்தின் கடைசி வாரம். எனக்குப் பெரிய வியாழனன்று ஆபரேஷன் என்று முறை வந்தது. மறுநாள் பெரிய வெள்ளி, அரசாங்க விடுமுறை. ஆபரேஷனுக்கு மறுநாள் டாக்டர்கள் இருக்க மாட்டார்களே என்று கேட்டேன். இந்த முறையை விட்டால் மழைக்காலத்துக்குத்தான் என்றார்கள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆண்கள் வார்டில் பெண்கள் பார்வை நேரத்துக்கு மட்டும்தான் வரலாம். மற்ற நேரம் ரோசம்மா வெளி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தாள். வாய் பேசக்கூடாதவன் அவளை எப்படிக் கூப்பிடுவது? யோசித்து அவள்தான் ஒரு வழி செய்தாள். எங்கள் கோயிலில் பெரிய வியாழன் பூசை தொடங்கிச் சனிக்கிழமை இரவு வரைக்கும் வெண்கல மணி அடிக்க மாட்டார்கள். ஆண்டவர் பாடுபடுகிற நாட்கள் என்பதால் மணிகளுக்கு வாய் கட்டு. அதற்குப் பதிலாக மரமணிதான். ஒரு பலகை, அதில் அச்சில் கோத்த மரச்சுத்தி, பிடித்து ஆட்டினால் கடகடவென்று தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் கரையில் எல்லாரும் கையில் உள்ளதைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவோம். கோயில் பரணில் பழைய மரமணி ஒன்று கிடந்தது. அதை ஊர்க்காரர் ஒருவர் மூலம் கேட்டு வாங்கி என் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"ரெண்டு தட்டு தட்டுங்க. நான் சன்னல்ல வந்து நிப்பேன்."

வார்டு சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. சாயர்புரம் பக்கத்துக்காரி. இரண்டு வார்டுக்கு ஒருத்தியாக ஓடி ஓடிக் கால் வீங்கிப்போனவள். "இது என்ன ஆஸ்பத்திரியா, திருவிழாவா? சத்தம் வந்துச்சுன்னா தூக்கி எறிஞ்சிருவேன்" என்றாள்.

வியாழக்கிழமை அறுத்தார்கள். கண் விழித்தபோது கழுத்தில் பெரிய கட்டு. பக்கத்துக் கட்டிலில் காயல்பட்டினத்து மீரான் காக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். தோணியில் சரக்கு இறக்கும்போது தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். காலில் மணல்மூட்டையைக் கட்டித் தொங்க விட்டிருந்ததால் கட்டிலை விட்டு அசைய முடியாது. "ஒமக்கு வாய் இல்ல, எனக்குக் கால் இல்ல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு" என்றார்.

பெரிய வெள்ளி மத்தியானம். வார்டே காலியான மாதிரி இருந்தது. பெரிய டாக்டர்கள் ஒருவரும் இல்லை. ரோசம்மா சன்னல் வழியாகக் கஞ்சியைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது வாய் இறங்கவில்லை. கட்டு இறுகுகிறது என்று நினைத்தேன். கையை வைத்துப் பார்த்தால் கழுத்துத்தான் வீங்கிக்கொண்டிருந்தது. பிறகு தெரிந்துகொண்டது இது: உள்ளே தையல் போட்ட ரத்தக்குழாய் ஒன்று கசிந்திருக்கிறது. ரத்தம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கட்டி, மூச்சுக்குழாயை நெரித்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டுச் சிவப்பு தெரியாது. தைராய்டு அறுத்தவர்களுக்கு அபூர்வமாக இப்படி வருமாம். வந்தால் உடனே தையலைப் பிரிக்க வேண்டுமாம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லி வைக்கவில்லை.

மரமணியை எடுத்து இரண்டு தட்டு தட்டினேன். வெளியே கேட்கவில்லை போலும், சன்னலில் யாரும் வரவில்லை. மறுபடியும் இரண்டு. மூச்சு விசிலடித்தது. வாயைத் திறந்து கத்தப் பார்த்தேன். இருபது வருஷம் கடலோடு போட்டி போட்ட தொண்டையிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. பிறகு கணக்கெல்லாம் மறந்துவிட்டது. கைக்கு வந்த வேகத்தில் கடகடகடவென்று ஆட்டினேன்.

சன்னல் வழியாக ரோசம்மாவைப் பார்த்தேன். அவள் எழுந்தாள். அவளைப் போலவே நோயாளிகளுக்குத் துணையாக வராந்தாவில் கிடந்த கடற்கரைப் பெண்களும் எழுந்தார்கள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்து விட்டார்கள். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில் இருந்தது. பெரிய வெள்ளி மத்தியானம், மரமணி அடிக்கிறது, வேறென்ன நினைப்பார்கள்? கேட்டை நோக்கி நடந்தார்கள். நான் தட்டத் தட்ட, கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இன்னும் வேகமாக நடந்தார்கள்.

அந்த முதுகு கேட்டைத் தாண்டுவதைப் பார்த்தேனே, அப்போது எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். அடிப் பாவி, நீ கொண்டுவந்து கொடுத்த மணிதானே என்று உள்ளுக்குள்ளே அலறினேன். கை தளர்ந்தது. மரமணி கீழே விழுந்தது.

மீரான் காக்காதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யா அல்லா! ஏ, யாரங்கன? இங்கன மனுசன் சாகக் கெடக்கான்! ஏ, வாங்களே!" தோணியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கேட்க வேண்டிய குரல் அது. கத்திக்கொண்டே எனாமல் தட்டை எடுத்து வாசலைப் பார்த்து வீசினார். டம்ளரை வீசினார். எச்சில் படிக்கத்தையும் வீசினார்.

சிஸ்டர் பாய்ந்து வந்தாள். "என்ன சத்தம் இங்க? யாரு..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள். மரமணியைப் பிடுங்க வந்துகொண்டிருந்ததாகப் பிறகு அவளே சொன்னாள். ஆக என் உயிரைக் காப்பாற்றியது அக்கறை இல்லை, எரிச்சல்.

அந்த ஹவுஸ் சர்ஜன் பெண் எங்கிருந்தோ வெறுங்காலோடு ஓடி வந்தாள். "தியேட்டருக்குப் போக நேரமில்ல. கத்திரி குடுங்க" என்றாள். கட்டிலிலேயே வைத்துத் தையலைப் பிரித்தாள். கட்டி கட்டியாக ரத்தம் மார்பில் வழிந்தது. காற்று உள்ளே போனது. அவளுக்கு நான் கடன்பட்டவன், எழுதியே ஆக வேண்டும். ஆனால் அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில், அத்தனை கட்டடங்களுக்கும் அன்றைக்கு அவளும் அவளைப் போலப் பயிற்சியில் இருந்த இன்னொரு பையனும்தான் இருந்தார்கள் என்பதையும் எழுதியே ஆக வேண்டும்.

ரோசம்மா கோயிலில் சிலுவையை முத்தமிட்டுவிட்டு, ஜெபமாலையும் கையுமாகத் திரும்பி வந்தபோது கட்டிலில் ரத்தம்தான் இருந்தது. என்னைத் தியேட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மறுநாள் என் கால்மாட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்காகத்தான் அங்கன முழங்கால்ல நின்னேன். கொண்டாந்து குடுத்தவளே நாந்தானே. எனக்கே வெளங்கலையே, பாவி."

திட்டுவதற்கு என்னிடம் குரல் இல்லை. அது நல்லதாகப் போயிற்று. யோசித்துப் பார்த்தால், நான் வராந்தாவில் இருந்திருந்தாலும் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு நானும்தான் போயிருப்பேன். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது, கால் தானாக நடக்கும். குற்றம் அவளுடையது இல்லை. தொண்டையை அறுத்து, பேசாதே என்று சொல்லி, கூப்பிட ஒரு மணிகூட வைக்காமல் படுக்கப் போடுகிறார்களே, அவர்களுடையது. பெரிய டாக்டர் வந்தபோது சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: "கட்டிலுக்கு ஒரு மணி வைக்கக்கூடாதா?" வாசித்துவிட்டுச் சிரித்தார். "அதுக்கெல்லாம் மேல இருந்து சாங்ஷன் வரணும்ப்பா" என்றார்.

குரல் போயிருந்தது. நரம்பு அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது, திரும்பலாம் என்றார்கள். வீடு வந்தபோது வாயைத் திறந்தால் வெறும் காற்று. மரமணியை என் கட்டில் கம்பியில் கட்டி, அடுத்து வருகிற தொண்டைக்காரனுக்கு இருக்கட்டும் என்று சிஸ்டரிடம் சைகை காட்டிவிட்டு வந்திருந்தேன்.

கரையில் தம்பி கூறினான். நான் பக்கத்தில் நின்று விலையை விரலால் காட்டினேன். மெல்ல மெல்லக் கரகரப்பு வந்தது, பிறகு பேச்சு வந்தது. ஆனால் கூவிப் பார்க்கவில்லை. கூவிப் பார்த்து வரவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று ஆகிவிடுமே. ரோசம்மாவும் கூவச் சொல்லவில்லை. இரண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் ஒரு மழைக்காலத்தைக் கழித்தோம்.

மறுபடியும் சோதனைக்குப் போனோம். நாக்கு, கண்ணாடி, ஈ. "ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் மந்தம். பேசறதுக்குப் போதும். ஏலம் கூவ முடியுமான்னு மட்டும் என்னைக் கேக்காதே" என்றார் பெரிய டாக்டர். ரோசம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊருக்குத் திரும்பும் முன்னால் அந்த வார்டைப் பார்க்கப் போனேன். ரோசம்மா வழக்கம்போல வாசலிலேயே நின்றுகொண்டாள். என் கட்டிலில் கழுத்தில் கட்டோடு ஒருவர் படுத்திருந்தார். கண் மட்டும்தான் பேசியது. கம்பியில் மரமணி இல்லை. அதே சிஸ்டர் இருந்தாள். எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ்ல பார்த்துட்டு எடுக்கச் சொல்லிட்டாரு. அலமாரியில வச்சுப் பூட்டியிருக்கேன். இடைஞ்சல்தானே."

"இடைஞ்சலா?" என்றேன். அதற்கு மேல் என்னை என்னால் பிடித்து வைக்க முடியவில்லை. "அந்த மனுசன் மூச்சு முட்டுனா எதை வச்சும்மா கூப்பிடுவாரு? ஏம்மா, எதை வச்சுக் கூப்பிடுவாரு? நீங்க எந்த வார்டுல இருப்பிய, டாக்டரு எந்தக் கட்டடத்துல இருப்பாரு? ஒரு மரக்கட்டைக்குமா மேல இருந்து சாங்ஷன்?"

வார்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே வராந்தாவில் பேச்சு நின்றுபோனது. வாசலிலிருந்து காவல்காரர் ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"ஐயா, சத்தம் போடாதீங்க!" என்று சிஸ்டர் காதைப் பொத்தினாள். "இது ஆஸ்பத்திரி, சத்தம் போடாதீங்க!"

பார்வை நேரம் இல்லை. ஆனாலும் ரோசம்மா உள்ளே ஓடி வந்துவிட்டாள். தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இன்னொருக்கச் சொல்லுங்க. இன்னொருக்க அவுகள சத்தம் போடாதேன்னு சொல்லுங்க."

சிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மறுபடியும் சத்தம் போட்டேன். அவள் அலமாரியைத் திறக்கிற வரைக்கும் போட்டேன்.